எல்லாச் சத்தத்தையும் நான் இறக்கிய சாயங்காலம்

ஷீபா,

நீ என் போனை எடுப்பதில்லை. எடுக்காதே, நியாயம்தான். அம்மாவோடு பேசுகிறாய். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது தெரிந்தால் "சரிம்மா, வெக்கிறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். எழுதியதையும் உனக்கு மட்டும் அனுப்பாமல் நம் சர்ச் மாதப் பத்திரிகைக்குக் கொடுத்திருக்கிறேன். செக்ரட்டரி படித்துப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா இது, வீட்டு விஷயத்த ஊருக்கே டமாரம் அடிக்கிறியே, நல்லா யோசிச்சிக்கோ" என்றார். யோசித்துத்தான் கொடுத்தேன். நான் செய்ததை வீட்டுக்குள் செய்யவில்லை. கிரவுண்டில், ஊர் பார்க்கச் செய்தேன். அப்படிச் செய்துவிட்டு கிச்சன் கதவோரம் நின்று ஸாரி சொன்னால் அது எந்த ஊர் ஸாரி? அன்றைக்கு கிரவுண்டில் இருந்த வீடுகளுக்கெல்லாம் இந்தப் பத்திரிகை போகும். போகட்டும்.

பெரிய மனிதர்கள் பிள்ளைகளுக்கு எழுதும் கடிதம் மாதிரி இது இருக்காது. அதற்கு வயசும் பத்தாது, பொறுமையும் பத்தாது. எனக்கு இருபத்திரண்டு வயசில் நீ பிறந்துவிட்டாய். இப்போதும் என்னையும் உன்னையும் ஸ்டேஷனில் சேர்த்துப் பார்ப்பவர்கள் அண்ணனா என்று கேட்கிறார்கள், எனக்கு அதில் ஒரு பெருமை. நான் டிப்ளமா படித்த ஆள். லிஃப்ட் ஓடவில்லை என்றால் எங்கே ஃபால்ட் என்று பார்த்து, எடுத்து, ஓட விட்டுவிட்டு அடுத்த பில்டிங்குக்குப் போகிறவன். சுற்றி வளைத்துப் பேச வராது. எனவே ஃபால்ட் எங்கே என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இளைஞர் ஐக்கிய ஆண்டு விழாவில் உங்கள் பேண்டு வாசிக்கும்போது சத்தம் கெட்டுப் போனதே, அது நீ தப்பாக வாசித்ததால் இல்லை. சவுண்டுக்காரர் சலீமின் தப்பும் இல்லை. மிக்ஸரைத் தொட்டது நான்.

ஆனால் அந்த சாயங்காலத்தில் மட்டும் ஆரம்பித்தால் பாதி ஃபால்ட்தான் தெரியும். நீ எட்டாம் கிளாஸில் இருந்தபோது உன் முதல் கிட்டார் வந்தது. மாரத்தஹள்ளிப் பக்கம் நான் சர்வீஸ் பார்த்த அபார்ட்மென்ட்டில் ஒருத்தர் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார், "எடுத்துக்கோங்க, வேஸ்டா போகும்" என்று லிஃப்ட் பக்கத்திலேயே விட்டுவிட்டுப் போனார். கழுத்து வளைந்திருந்தது. கம்பிகள் விரல் வைக்க முடியாத உயரத்தில் நின்றன. ட்ரெயினில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். உள்ளே ஒரு இரும்புக் கம்பி இருக்கிறது, அதைத் திருகினால் கழுத்து நிமிரும் என்று நானே கண்டுபிடித்து ஆலன் கீ போட்டுத் திருகினேன். நிமிர்ந்தது. அன்றைக்கு உன்னைவிட எனக்குத்தான் சந்தோஷம். சாமானை சரி பண்ணினவன் நான், இனி நீ வாசிக்க வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தேன்.

நீயும் வாசித்தாய். சர்ச் கொயரில் அக்காக்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்து வாசித்தாய். ஆனால் நான் எதிர்பார்த்தது வேறு. வீட்டுக்கு ஆள் வந்தால், "ஷீபா, ஒரு பாட்டு வாசி" என்பேன். நீ கிட்டாரை எடுத்து, கையை மேலும் கீழும் ஆட்டி, கம்பியில் நாலு கார்டு பிடித்து மாற்றி மாற்றி வாசிப்பாய். வந்தவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். எனக்கு எரிச்சல் வரும். "சும்மா அரிசி களையற மாதிரி தேய்க்காம பாட்ட வாசி. டியூன் எங்க?" என்று அவர்கள் முன்னாலேயே கேட்பேன். நீ கோபப்பட மாட்டாய். "நீங்க பாடுங்க டாடி, நான் வாசிக்கிறேன்" என்பாய். ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும் சொன்னாய். நான் ஒரு தடவைகூடப் பாடவில்லை. பாட வெட்கம் என்று இல்லை. உன்னிடம் ஏதோ குறைகிறது, அதை மறைக்கத்தான் என்னைப் பாடச் சொல்கிறாய் என்று நினைத்தேன். குறைந்தது ஒரு பாட்டு. அதை நான் கொடுத்திருக்கலாம்.

அப்புறம் நீ பெங்களூரில் காலேஜ் சேர்ந்தாய். நான் போகும் அதே வண்டியில், கிட்டாரை லக்கேஜ் பலகையில் போட்டுவிட்டு, பெண்கள் பெட்டியில் போவாய். இரண்டாம் வருஷம் பேண்டு என்றாய். பாடவும் லீட் கிட்டார் வாசிக்கவும் நிகில், டிரம்ஸுக்கு முல்பாகல் பையன் மஞ்சு, பேஸுக்கு ஒருத்தன். "நீ இன்னா வாசிக்கிற?" என்று கேட்டேன். "ரிதம் கிட்டார்" என்றாய். அப்படி என்றால் என்ன என்று கேட்டேன். "நிகில் முன்னாடி போயி வாசிப்பான் டாடி. பாட்டு விழாம நான் பின்னாடி பிடிச்சிக்குவேன்." நான் உடனே சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். "அப்போ ஹெல்பர்."

நீ சிரித்தாய். "ஆமா டாடி. ஓ.டி. உண்டு, கேன்டீன் உண்டு" என்றாய். அம்மாவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன எடை என்று உனக்குத் தெரியாது. தங்க மைன்ஸ் மூடிய பிறகு பிறந்தவள் நீ. என் அப்பா அண்டர்கிரவுண்டில் கடைசி வரைக்கும் ஹெல்பர். ஆளுக்கொரு வேலை, வேலைக்கொரு மதிப்பு, கம்பெனி லைன் வீடுகளில் எது யாருக்கு என்பதுகூட அதை வைத்துத்தான். பையன்களுக்குள் சண்டை வந்தால் கெட்ட வார்த்தையே தேவையில்லை, "போடா, ஹெல்பர் மவனே" என்றால் போதும். நான் நிறைய தடவை வாங்கியிருக்கிறேன். அந்த ஒரு சொல் என் மேல் ஒட்டக்கூடாது என்றுதான் டிப்ளமா படித்தேன். அதனால் நீ ரிதம் என்று சொன்னதும் எனக்கு பேண்டு தெரியவில்லை. ஒரு கேங்கு தெரிந்தது. முன்னால் மேஸ்திரி, பின்னால் பாறை விழாமல் முட்டுக் கொடுக்கும் மரத்தைப் பிடித்துக்கொண்டு என் பொண்ணு. பாட்டு கேட்கிறவன் கிட்டாரைப் பார்ப்பான், ஸ்கெலட்டன் லைனில் பிறந்த நான் பதவியைப் பார்த்தேன். அவ்வளவுதான் என் அறிவு.

இனி எழுதப் போவதைத்தான் இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டேன். நான் உன்னை நினைத்து வெட்கப்பட்டேன், ஷீபா. உன் உடுப்பை, ராத்திரி ஷோவை, பையன்களோடு வேனில் போவதை நினைத்து இல்லை. அதற்கெல்லாம் கேள்வி கேட்டவர்களை நானே வாயடைத்திருக்கிறேன். நீ இரண்டாவது ஆள் என்பதற்காக வெட்கப்பட்டேன். ட்ரெயினில் நம் லைன் குமார் ஒரு நாள் சீட்டு போட்டுக்கொண்டே கேட்டான். "உன் பொண்ணு பேண்டுல இன்னா வாசிக்குதுப்பா?" "கிட்டார்" என்றேன். "முன்னாடி வந்து நின்னுகினு, கண்ண மூடிகினு, ஊய்ங்ங்னு இழுப்பாங்களே, அதுவா?" "ம்" என்றேன். அந்த ஒரு "ம்"தான் என் முதல் பொய். அதற்கப்புறம் பொய் தானாக வளர்ந்தது. மெயின் கிட்டார் என்றேன். அவள் இல்லாவிட்டால் அந்தப் பையன்களுக்குப் பாட்டே இல்லை என்றேன். அது உண்மை என்று தெரியாமலேயே, பொய் என்று நினைத்துக்கொண்டே சொன்னேன். பங்காருபேட்டை வரும் வரைக்கும் ஒரு பெட்டி முழுக்க உன் கதைதான். ஒன்றரை வருஷம்.

அப்படி இருக்கும்போது இளைஞர் ஐக்கியம் உங்களைக் கூப்பிட்டது. நம் ஊரில் உன் முதல் ஷோ. நீ எவ்வளவு சந்தோஷமாக இருந்தாய் என்று எனக்குத் தெரியும், மஞ்சுவுக்கு கிரவுண்டைக் காட்ட முந்தின நாளே கூட்டிக்கொண்டு வந்தாய். மைன்ஸ் கழிவு மண் குவிந்த சயனைடு மலையைக் காட்டி, "இதான்டா எங்க ஊர் ஹில் ஸ்டேஷன்" என்று நீ சொல்ல, அவன் நிஜமென்று நம்பி ஃபோட்டோ எடுத்தான். நான் என்ன செய்தேன்? ட்ரெயின் கூட்டம் மொத்தத்தையும் அழைத்தேன். குமார் குடும்பத்தோடு முன் வரிசையில் உட்கார்ந்தான்.

ஷோவுக்கு முன்னால் ஸ்பீக்கரில் உர்ர்ரென்று ஒரே ஹம். பங்காருபேட்டையிலிருந்து வந்திருந்த சலீம் வயரை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பார்த்தேன். எர்த் சரியில்லை. ஒரு கம்பி அடித்து, தண்ணீர் ஊற்றி, கனெக்‌ஷன் கொடுத்தேன், ஹம் நின்றது. "அண்ணா, நீங்க இல்லன்னா இன்னிக்கு என் மானம் போயிருக்கும்" என்றார் சலீம். அதிலிருந்து அவர் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். டிப்ளமா ஆள் இல்லையா.

நீங்கள் ஆரம்பித்தீர்கள். முதல் பாட்டு, இரண்டாவது பாட்டு. கூட்டம் நன்றாகத்தான் கைதட்டியது. ஆனால் நிகில் கேட்டான், மஞ்சு கேட்டான், நீ எனக்குக் கேட்கவில்லை. கை ஆடுகிறது, சத்தம் தெரியவில்லை. குமார் எழுந்து என்னிடம் வந்தான். "இன்னாப்பா, உன் பொண்ணு கிட்டாருக்கு பிளக் மாட்டலியா? இந்தப் பக்கம் நிக்கிற பையன்தான் எல்லாத்தையும் வாசிக்கிறான். இதுக்கா ஒண்ணர வருஷமா வண்டியில கத உட்ட?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். விளையாட்டுக்குத்தான் சொன்னான். எனக்குக் காது சூடாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து வலது பக்க ஸ்பீக்கர் விட்டு விட்டுக் கேட்டது. "அண்ணா, கொஞ்சம் பாத்துக்கோங்க, வயர் பாத்துட்டு வந்துடறேன்" என்று சலீம் ஓடினார். மிக்ஸர் முன்னால் நான் மட்டும். ஒவ்வொரு பட்டனுக்குக் கீழேயும் வெள்ளை டேப்பில் பேர் எழுதியிருந்தது. பாட்டு, லீட், பேஸ், டிரம்ஸ். கடைசியில் ரிதம். மற்றதெல்லாம் மேலே இருக்கிறது, உன்னுடையது பாதிக்கும் கீழே. பார் அநியாயத்தை என்று நினைத்தேன். என் பொண்ணை அமுக்கி வைத்திருக்கிறார்கள். உன்னுடையதை மேலே தள்ளினேன். கீய்ய்ங் என்று ஊளையிட்டது. எல்லோரும் காதைப் பொத்தினார்கள். புத்தி உள்ளவன் அதோடு கையை எடுத்திருப்பான். நான் உன்னுடையதைக் கொஞ்சம் இறக்கி, மற்ற எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் கீழே இறக்கினேன்.

அப்போது கிரவுண்டு முழுக்க நீ மட்டும் கேட்டாய். ஜக்கு ஜக்கு, ஜக்கு ஜக்கு. பாட்டு இல்லை, லீட் இல்லை, தூரத்தில் டிரம்ஸ் மட்டும் தகர டப்பா மாதிரி. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் நிகில் வாய் திறந்து மூடிக்கொண்டிருக்கிறான், சத்தம் இல்லை. முதலில் ஜனங்களுக்குப் புரியவில்லை. அப்புறம் யாரோ, "டேய், கிரைண்டர் ஓடுதுடா" என்றான். சிரிப்பு ஒரு மூலையில் ஆரம்பித்து முன் வரிசை வரைக்கும் வந்தது. அந்தச் சிரிப்பு நடுவில் நான் குமாரைப் பார்த்து, "இப்போ கேக்குதா?" என்று கத்தினேன். சத்தியமாகக் கத்தினேன். சலீம் திரும்ப ஓடி வந்து என் கையைத் தட்டிவிட்டு எல்லாவற்றையும் மேலே ஏற்றும் வரைக்கும், நான் உனக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஷோ முடிந்து நீ வேனில் ஆம்ப்ளிஃபயரை ஏற்றிக்கொண்டிருந்தாய். நான் பக்கத்தில் வந்து, "இப்பத்தான் ஜனங்களுக்கு நீ வாசிச்சது கேட்டுச்சு" என்றேன். நீ அழவில்லை, கத்தவும் இல்லை. "கேட்டுச்சு டாடி. சிரிச்சாங்க. பாட்ட உருவிட்டு என்ன மட்டும் ஊரு முன்னாடி நிக்க வெச்சீங்க. துணிய உருவின மாதிரி இருந்துச்சு." மஞ்சு உன்னையும் என்னையும் பார்த்துவிட்டு, "அங்கிள், ப்ளீஸ், ஹோக்லி பிடி" என்று, போகட்டும் விடுங்கள் என்பதைக் கன்னடத்தில் சொல்லி சமாதானம் பண்ணினான். எனக்கு அப்போதும் கோபம்தான் வந்தது. "ஹெல்பர் வேலைக்கு இவ்ளோ திமிரா?" என்று கேட்டேன். நீ வேனில் ஏறிவிட்டாய். வீட்டில் அம்மா உனக்காகச் செய்து வைத்திருந்த கறிக்குழம்பு அப்படியே இருந்தது. அன்றைக்குப் போனவள் பெங்களூரிலேயே தங்கிவிட்டாய், இன்னும் வீட்டுக்கு வரவில்லை.

அடுத்த வாரம் கமிட்டி மீட்டிங். அந்த பங்காருபேட்டை ஆளுக்கு வேலை தெரியவில்லை, இனிமேல் கூப்பிட வேண்டாம் என்றார்கள். ஒருத்தர், "அந்தப் பொண்ணுக்கும் இன்னும் பழக்கம் போதாது போல" என்றார். நான் அந்த ரூமில்தான் இருந்தேன். டீ குடித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. சலீம் யாரிடமும் என் பேரைச் சொல்லவில்லை என்பது பிற்பாடுதான் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை பங்காருபேட்டைக்கே போய் அவர் கடையில் நின்றேன். "விடுங்கண்ணா, அப்பன்னா அப்டித்தான்" என்றார். அப்படிச் சொன்னதற்குப் பதிலாக அவர் என்னை நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

நான் என்ன செய்தேன் என்று எனக்கு எப்போது தெரிந்தது தெரியுமா? குமார் அன்றைக்குப் போனில் வீடியோ எடுத்திருந்தான். கேலிக்காக எனக்கு அனுப்பினான். பல நாள் அதைத் திறக்கவில்லை. ஒரு மத்தியானம் சைட்டில் பார்ட்ஸ் வரக் காத்திருந்தபோது மெஷின் ரூமில் உட்கார்ந்து பார்த்தேன். சத்தத்தை விடு, ஸ்டேஜை மட்டும் பார்த்தேன். நான் ஊளை விட வைத்த அந்த நொடியில் மஞ்சுவின் கை தடுமாறுகிறது. நிகில் பாட்டை விட்டுவிட்டான். பேஸ் பையன் நின்றே போய்விட்டான். நீ நிற்கவில்லை. உன் கை அதே வேகத்தில் போகிறது. செருப்புக் காலால் ஸ்டேஜை மிதித்து மஞ்சுவுக்குக் கணக்கு காட்டுகிறாய். மூன்று பேரும் ஜனங்களை விட்டுவிட்டு உன் பக்கம் திரும்பி நிற்கிறார்கள். உன் வலது கையைத்தான் பார்க்கிறார்கள். முதலில் மஞ்சு வந்து சேர்ந்துகொள்கிறான், அப்புறம் பேஸ், அப்புறம் நிகில். ஊர் சிரிக்கிற சத்தம் வீடியோவில் நன்றாகக் கேட்கிறது. உனக்கும் கேட்டிருக்கும். உன் முகம் சிவந்திருக்கிறது, கை மட்டும் மாறவே இல்லை. நீ நிறுத்தியிருந்தால் அந்த இடத்திலேயே பாட்டு விழுந்திருக்கும், சலீம் ஏற்றிவிட அங்கே ஒன்றும் மிச்சம் இருந்திருக்காது.

உவமை சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ஆனால் மெஷின் ரூமில் உட்கார்ந்துகொண்டு வேறு எதை நினைப்பேன்? லிஃப்டில் ஏறுகிறவன் கண்ணாடி பார்க்கிறான், லைட் பார்க்கிறான். சுவருக்கு அந்தப் பக்கம் கவுண்டர்வெயிட் என்று ஒன்று இவன் ஏறும்போது இறங்கி, இவன் இறங்கும்போது ஏறிக்கொண்டிருக்கிறது. அது இல்லாவிட்டால் அந்த மோட்டாரால் அந்தப் பெட்டியைத் தூக்க முடியாது. அதை யாரும் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டியதும் இல்லை. இருபது வருஷமாக அதைத் தொட்டு வேலை செய்கிறவன் நான். யாராவது வந்து, ஐயோ பாவம் இதை யாருமே பார்க்கவில்லையே என்று சுவரை இடித்துக் காட்டினால் அவனை நான் பைத்தியக்காரன் என்பேன். இந்தக் கணக்கும் முழுசாகச் சரி இல்லை. அது வெறும் இரும்பு, அதற்குக் காது இல்லை. நீ மூன்று பேரையும் கேட்டுக்கொண்டே வாசிக்கிறாய். கேட்கிற வேலையை ஹெல்பர் வேலை என்று சொன்னவன் நான். என் அப்பாவும் அப்படித்தான் மரத்தைப் பிடித்துக்கொண்டு மேலே பாறையைக் கேட்டுக்கொண்டு நின்றிருப்பார் என்பதும் அன்றைக்குத்தான் உறைத்தது. அவரை நினைத்தும் நான் வெட்கப்பட்டிருக்கிறேன். இப்போது அந்த வெட்கத்தையெல்லாம் எடுத்து யார் மேல் வைக்க வேண்டுமோ அவன் மேல் வைத்துவிட்டேன்.

ட்ரெயினிலும் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை சீட்டு ஆட்டம் நடுவில், "டேய், என் பொண்ணு லீட் இல்ல. நான் உட்டது பொய். அவ ரிதம்" என்றேன். குமார் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்டின்னா?" என்றான். விளக்கப் பார்த்தேன். கவுண்டர்வெயிட் சொன்னேன், பாறை சொன்னேன், ஒன்றும் ஒட்டவில்லை. கடைசியில் அவன், "அப்போ ஹெல்பருன்னு சொல்லு" என்றான். "ஆமா. ஹெல்பர்தான்" என்றேன். அப்புறம் குமார், "எங்கப்பனும் ஹெல்பர்தாண்டா, இன்னா இப்போ? சீட்ட போடு" என்றான். அவ்வளவுதான் நடந்தது. இத்தனை வருஷம் நான் எதற்குப் பயந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அட்வைஸ் இல்லாமல் அப்பன் எழுதினால் அது கடிதமா என்று அம்மா கேட்கிறாள். சரி, இரண்டு சொல்கிறேன். புது இடத்தில் மைக்கில் வாய் வைப்பதற்கு முன்னால், கிட்டார் கம்பியில் கை இருக்கும்போது, எர்த் பார். உன் கிட்டார் பையின் சின்ன ஜிப்பில் அந்த ஷோவுக்கு முன்னாலேயே ஒரு டெஸ்டர் வைத்திருக்கிறேன், நீ பார்த்திருக்க மாட்டாய். ஷாக் அடித்தால் ரிதமா லீடா என்று அது பார்க்காது. இன்னொன்று. நாளைக்கு உனக்கும் ஒருத்தரைப் பற்றி நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லத் தோன்றும். புருஷனோ பிள்ளையோ, யாரோ. வாயைத் திறக்கும் முன்னால், அவர்கள் செய்கிற வேலையைத்தான் சொல்கிறாயா, இல்லை உனக்கு வேண்டியதைச் சொல்கிறாயா என்று ஒரு தடவை பார். நான் பார்க்கவில்லை.

இப்போது விஷயம். கிறிஸ்துமஸ் விழாவுக்கு உங்கள் பேண்டைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். நிகில் சரி என்றுவிட்டான். நீ மட்டும், "கே.ஜி.எஃப்.ன்னா நான் வரல, வேற ரிதம் ஆள கூட்டிகினு போங்க" என்று சொல்லிவிட்டாயாம். அம்மா அழுதுகொண்டே சொன்னாள். ஷீபா, நீ வராவிட்டால் ஊர் அன்றைக்குச் சிரித்ததுதான் கடைசி என்று ஆகிவிடும். இந்த ஊரில் உன் பேருக்குப் பக்கத்தில் நான் போட்ட அந்தச் சத்தம் நின்றுவிடும். அதை வேறு எதைக் கொண்டும் என்னால் அழிக்க முடியாது. இந்தக் கடிதத்தாலும் முடியாது. நீ வந்து வாசித்தால்தான் போகும். என்னை மன்னித்துவிட்டு வா என்று கேட்கவில்லை, அது உன் இஷ்டம், அவசரமும் இல்லை. அவசரம் இல்லை என்று நான் சொல்வதை அம்மா படித்துவிட்டுச் சிரிக்கிறாள்.

கமிட்டியில் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். சலீமையே திரும்பக் கூப்பிடுகிறார்கள். அவரிடம், என் பொண்ணு பட்டன் எங்கே இருக்க வேண்டுமோ அங்கேயே இருக்கட்டும் என்று மட்டும் சொன்னேன். அவர், "அன்னிக்கும் அது சரியான எடத்துலதான் இருந்துச்சுண்ணா" என்றார். நான் கிரவுண்டுக்கு வரமாட்டேன். அம்மா வருவாள், குமார் வருவான், ட்ரெயின் கூட்டம் மொத்தமும் வரும். நீ ஸ்டேஜிலிருந்து என் முகத்தைத் தேட வேண்டாம், மிக்ஸர் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கவும் வேண்டாம். நான் வீட்டில் இருப்பேன்.

கிரவுண்டு சத்தம் சயனைடு மலையைத் தாண்டி நம் வாசல் வரைக்கும் வரும், உனக்கே தெரியும். ஆனால் அவ்வளவு தூரம் எல்லாமும் வராது. டிரம்ஸ் வரும், காற்று இந்தப் பக்கம் அடித்தால் நிகில் பாடுவது கொஞ்சம் வரும். நீ வாசிப்பது வராது. கதவைத் திறந்து வைத்துவிட்டுப் படியில் உட்காருவேன். வீடியோவில் இருக்கும் அந்தப் பாட்டு எனக்கு இப்போது மனப்பாடம். வாய்விட்டுப் பாடப் போகிறேன், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைத்தாலும் சரி. நீ கேட்க மாட்டாய், நான் உன்னைக் கேட்க மாட்டேன். பாட்டு விழாமல் போய்க்கொண்டிருந்தால் நீ வாசித்துக்கொண்டிருக்கிறாய் என்று தெரிந்துகொள்வேன்.

டாடி